எல்லாம் ஒன்றாகத் தின்ற நாள்

என் மகனுக்கு விஜயநகர் வீட்டில் இருந்தபடியே கம்ப்யூட்டர் வேலை. நான் அஞ்சாவது வரை படித்தவள். அவன் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரிதான் எழுத முடியும். ஒரு பெரிய மெஷின். அதற்குள்ளே உடம்பில்லாத சின்ன மெஷின்கள். ஒன்று ஆஸ்பத்திரிக்கு, ஒன்று கடைக்கு என்று வேலை செய்யும். எல்லாம் பெரியதன் மெமரியைத்தான் பங்குபோட்டுத் தின்ன வேண்டும். இதற்கு இவ்வளவு, அதற்கு மேல் கிடையாது என்று வரம்பு வைப்பது அவன் வேலை.

எங்கள் ஹனூர்ப் பக்கம் விசேஷத்துக்கு இரண்டு விதமாக அழைப்போம். வீட்டுக்கு ஒருவர் வந்தால் போதும் என்பது ஒன்று. இன்றைக்கு உங்கள் வீட்டில் அடுப்பே பற்றவைக்கக் கூடாது, எல்லாரும் சாப்பிட வந்துவிட வேண்டும் என்பது இன்னொன்று. எதைச் சொல்லி அழைத்தோமோ அதற்குத் தகுந்தபடி உலை வைப்போம்.

அவன் மேலதிகாரி உலையைப் பார்க்காமல் எல்லாச் சின்ன மெஷின்களையும் அடுப்புப் பற்றவைக்காமல் வரச் சொன்னார். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தான், நான் பக்கத்தில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு மெமரி இல்லை சார், வரம்பு வைக்க வேண்டும் என்றான் இவன். எல்லாம் ஒரே நேரத்தில் தின்னாது, கேட்டதைக் கொடு என்று அதட்டினார் அவர்.

ஒரு காலையில் எல்லாம் ஒன்றாகத் தின்றன. இடம் பற்றாமல் பெரிய மெஷின், அதிகம் தின்றுகொண்டிருந்த சின்ன மெஷினைத் தானே கொன்றுவிட்டது. அது ஆஸ்பத்திரியுடையது. மதியம் வரை சீட்டுப் போட முடியாமல் நோயாளிகள் வெயிலில் நின்றார்களாம். வரம்பு வைக்காதது இவன் குற்றம் என்றார் அந்த அதிகாரி.

“நாஞ் சொல்லட்டுமா கண்ணு? என்ற காதுலதான கேட்டேன்.”

“உன்ற பேச்ச ஆரும்மா எடுத்துக்குவாங்க? பேசாம இரு.”

கம்பெனி விசாரணை இவன் கம்ப்யூட்டரிலேயே நடந்தது. எனக்கு வேற்று ஆள் முன் பேசிப் பழக்கமில்லை. கதவோரம் நின்றிருந்தேன். வரம்பு வேண்டாம் என்று தான் சொல்லவே இல்லை என்று அந்த அதிகாரி சொன்னதும் உள்ளே போய், நீங்கள் சொன்னதைக் கேட்டேன் என்று தெரிந்த கன்னடத்தில் சொல்ல ஆரம்பித்தேன். திரையில் நாலைந்து முகங்கள். அந்த அதிகாரி நடுவில் சிரித்துக்கொண்டு கேட்டார்.

“அம்மா, ஊட்டா ஆய்தா?”

சாப்பாடு ஆயிற்றா என்று இந்த ஊரில் யார் கேட்டாலும் ஆயிற்று என்று சொல்லியே பழக்கம். வாயில் தானாக வந்தது.

“ஆய்து சார்.”

எல்லாரும் சிரித்தார்கள். நான் சொல்ல வந்ததை அப்புறம் ஒருவரும் கேட்கவில்லை. மகன் என்னைப் பார்க்காமல், வெளியே போ என்று கையைக் காட்டினான்.

வேலை போயிற்று. இவன் புதிதாக வேலை கேட்டுப் போகிற கம்பெனிகள் பழைய இடத்தில் விசாரிக்கின்றன, பிறகு கூப்பிடுவதில்லை. என் மேல் அவனுக்குக் கோபமில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. கம்ப்யூட்டரை அவர்கள் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். இவன் இன்னும் காலையில் குளித்து, சட்டை மாட்டிக்கொண்டு, அந்த வெறும் மேஜை முன் உட்காருகிறான்.