தண்ணீர் படக்கூடாது

சளி மாதிரி எடுத்த நேரத்திலிருந்து எழுபத்திரண்டு மணி நேரம்தான் சான்றிதழ் செல்லும்; சோதனை முடிவு கைக்கு வந்த நேரத்திலிருந்து அல்ல. கொரோனாவின் இரண்டாம் அலை அடங்கி விமானங்கள் மறுபடி பறக்கத் தொடங்கிய மாதங்களில் இந்த ஒரு வாக்கியத்தை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அஸ்தம்பட்டியில் வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்காரர்கள் எல்லோரும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். முப்பத்து மூன்று வருடம் அரசாங்க அலுவலகத்தில் கோப்பு பார்த்து ஓய்வு பெற்றவள் நான். ஒரு விதிமுறையைக் கண்டால் அதன் அடிக்குறிப்பு வரைக்கும் படித்து முடிக்காமல் எனக்குச் சாப்பாடு இறங்காது.

சோதனைச் சீட்டில் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். இனிஷியலை மாற்றிக் கொடுத்துவிட்டு லேப்காரரைத் திட்டிப் பயனில்லை. போகிற நாட்டின் விதி வேறு, நடுவில் விமானம் மாறுகிற நாட்டின் விதி வேறு. இரண்டையும் புறப்படுகிற வாரத்தில் மறுபடி படிக்க வேண்டும், ஏனென்றால் அவர்கள் நம்மைக் கேட்டுக்கொண்டு மாற்றுவதில்லை. போனை நம்பாமல் எல்லாவற்றையும் அச்செடுத்து, ஆளுக்கொரு உறையில் போட்டுக்கொள்ள வேண்டும். குடும்பத் தலைவர் மொத்தக் கோப்பையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு கழிவறைக்குப் போய்விட, மனைவியும் மக்களும் கவுன்ட்டரில் கையைப் பிசைந்துகொண்டு நின்ற கதை எனக்குத் தெரியும். குழந்தைகளுக்கு மூக்கில் குச்சி விடுவார்கள் என்பதை முன்னாலேயே சொல்லி, வீட்டில் பஞ்சுக்குச்சியை வைத்து ஒரு முறை விளையாடிக் காட்டிவிட வேண்டும். பெரியவர்களுக்கு ஆளுக்கு நான்கு முகக்கவசம் போதும். குழந்தைக்கு எட்டு, அதில் ஒன்று கட்டாயம் சாம்பாரில் விழும்.

இப்படி ஊருக்கெல்லாம் சொன்னவள், சொந்த மகளுக்கும் பேத்திக்கும் சோதனைக்கு நேரம் பதிந்தபோது, விமானம் புறப்பட எழுபத்தாறு மணி நேரம் இருக்கும்படி பதிந்து வைத்தேன்.

அவர்கள் ஒரு மாத விடுமுறைக்கென்று வந்தவர்கள். விமானங்கள் நின்றுபோக, ஒன்றரை வருடம் என்னோடு இருந்துவிட்டார்கள். மருமகன் அங்கே தனியாக நாளை எண்ணிக்கொண்டிருந்தார். புறப்பாட்டுக்கு முந்தைய வாரம் முழுக்க நான் ஓரிடத்தில் உட்காரவில்லை. கோப்பைத் திறப்பேன், மூடுவேன், எதையோ மறந்ததுபோல மறுபடி திறப்பேன். மகள்தான் விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள்.

"ஏம்மா, நாலு மணி நேரம் அதிகமா வருதே. இதை வெச்சுக்கிட்டுப் போனா பெங்களூர்லயே திருப்பி அனுப்பிருவாங்க." அப்புறம் சிரித்தாள். "பரவால்ல, உனக்கும் வயசாகுது."

வயசுதான் என்று ஒப்புக்கொண்டு நேரத்தை மாற்றினேன். மாற்றிவிட்டு உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன், என் வலது கை இடது தோளுக்குக் கீழே இருக்கிற அம்மை குத்திய தழும்பைத் தடவிக்கொண்டிருந்தது.

அந்தத் தழும்பு ஜலகண்டாபுரத்தில் வந்தது. அப்போது எனக்கு ஏழு வயது. மேட்டூரில் ஒரு தொழிற்சாலையில் மின்பிரிவில் இருந்த அப்பா, சிங்கப்பூரில் வேலை கிடைத்து முன்னால் போய்விட்டார். அம்மாவும் நானும் இரண்டு வயதுத் தம்பியும் பின்னால் போக வேண்டும். அந்தச் சிங்கப்பூர்க் கம்பெனியே விமானச் சீட்டு அனுப்பியிருந்தது. நோய்க்கு அந்த வருடங்களிலும் குறைவில்லை. காலரா நாடு நாடாகப் போய்க்கொண்டிருந்தது, பெரியம்மையும் ஒழிந்திருக்கவில்லை. இரண்டுக்கும் குத்திக்கொண்டு, சர்வதேசச் சான்றிதழில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கியவர்களைத்தான் விமானத்தில் ஏற்றுவார்கள். கொரோனா வந்தபோது, உலகத்தில் இதுவரை இல்லாத கெடுபிடி என்று என் தெருக்காரர்கள் புலம்பியபோது எனக்கு இந்தச் சான்றிதழ்தான் நினைவுக்கு வந்தது.

அம்மாவின் அக்கா, அதாவது என் பெரியம்மா, ஜலகண்டாபுரத்தில் இருந்தார். பெரியப்பாவுக்கு அரசாங்கத்தில் அம்மை குத்துகிற உத்தியோகம். அவர்களுக்குக் குழந்தை இல்லை. பள்ளி விடுமுறை விட்டால் நான் அங்கேதான் இருப்பேன். ஆகவே விமானத்துக்குப் பதினொரு நாள் இருக்கும்போது அம்மா எங்களை அங்கே கூட்டிக்கொண்டு போனார்.

முதல் முறையாகக் குத்துகிறவர்களை எட்டாம் நாள் பார்ப்பார்கள். குத்திய இடத்தில் கொப்புளம் எழும்பியிருந்தால்தான் சான்றிதழ். தம்பிக்கு அது முதல் முறை. ஏழு வயதான எனக்கும் முதல் முறை. நான் கைக்குழந்தையாக இருந்தபோது, அம்மை குத்துகிறவர் வருகிறார் என்று தெரிந்தாலே அப்பாவின் வீட்டார் என்னைத் தூக்கிக்கொண்டு சோளக்காட்டுக்குள் ஓடிவிடுவார்களாம். பெரியப்பா இதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார். "என்ற கொளுந்தியா ஊட்டுக் கொளந்தைக்கே குத்துல. நான் ஊரானுக்குப் போய் என்ன நாயஞ் சொல்றது?"

மருந்தில் ஒரு சொட்டைக் கையில் வைத்து, அதன் மேல் சின்னச் சக்கரம் போன்ற ஒன்றை வைத்துத் திருகினார். தம்பி அழுது முடித்த இடத்திலிருந்து நான் ஆரம்பித்தேன். காயும்வரைக்கும் துடைக்கக்கூடாது, இன்று முழுக்கத் தண்ணீர் படக்கூடாது என்று சொல்லிவிட்டுப் பெரியப்பா சைக்கிளில் அடுத்த ஊருக்குப் போனார். அம்மா தம்பியை மடியில் போட்டுக்கொண்டு வாசல் பக்கம் அப்பாவுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார். என் அழுகை நிற்கவில்லை. பெரியம்மா என்னைக் கொல்லைப்பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

"ரொம்ப எரியுதா சாமி? வா, பெரியம்மா களுவி உடறேன்."

சிவப்புச் சோப்பு. தொட்டித் தண்ணீர் சில்லென்று இருந்தது. பெரியம்மா இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவி, முந்தானையால் ஒற்றி, நெடுநேரம் ஊதிவிட்டார். பிறகு சட்டைக் கையை இழுத்துவிட்டு, ஒரு வெல்லக்கட்டியை என் வாயில் போட்டார். எரிச்சல் போய்விட்டது. நான் அதை மறந்தும் போனேன்.

எட்டாம் நாள் தம்பியின் கையில் மொச்சைக்கொட்டை அளவுக்குக் கொப்புளம் எழும்பியிருந்தது. என் கையில் ஒன்றுமில்லை. பெரியப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"ஒரே மருந்துதான் ரெண்டு பேருத்துக்கும் வெச்சேன். இதென்ன அதிசயமா இருக்குது?"

மறுபடி குத்தினால் மறுபடி எட்டு நாள். விமானத்துக்கு இருந்ததோ மூன்று நாள். அம்மா சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தார். நாங்கள் மூவரும் வந்து இறங்குவோம் என்று அப்பாவுக்குத் தந்தி போயிருந்தது.

"கையெழுத்துப் போடறது நீங்கதானுங்க மாமா. எழும்பிச்சுன்னு எழுதீட்டா ஆருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமே, சாமி" என்றார் பெரியப்பா. விதிமுறையின் மேல் எனக்கு இருக்கிற பைத்தியம் அந்த வீட்டில் பிடித்ததுதான்.

அம்மா அழவில்லை, நடப்பதையும் நிறுத்தவில்லை. அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த பெரியம்மா தலையை நிமிர்த்தாமல் சொன்னார்.

"புள்ளை இங்கயே இருக்கட்டும். நான் பாத்துக்க மாட்டனா? பொறகு அந்தப் பக்கம் போறவிய ஆரு கூடவாச்சும் அனுப்பிக்கலாம்."

பெரியப்பா திரும்பி அவரைப் பார்த்தார். பெரியம்மா முறத்தைப் பார்த்தார். அன்று பெரியப்பாவுக்கு வெளியூர் வேலை எதுவும் இல்லை. ஆனாலும் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

சேலம் பஸ்ஸில் அம்மாவும் தம்பியும் போனார்கள். அம்மா ஜன்னல் வழியே என் இடது கையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார், பஸ் நகரும்வரை. எல்லோருடைய கையிலும் எழும்புகிறது, என் கையில் எழும்பவில்லை என்றால் அது கெட்ட கை என்று நான் முடிவு செய்துகொண்டேன். வீட்டுக்குத் திரும்பி வந்ததும் அந்தக் கையைச் சுவரில் அடித்துக்கொண்டேன். பெரியம்மா ஓடிவந்து கட்டிப்பிடித்து, "உம்மேல ஒரு தப்பும் இல்ல கண்ணு, ஒரு தப்பும் இல்ல" என்று சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

அதே வாரம் பெரியப்பா எனக்கு மறுபடி குத்தினார். இந்த முறை வேலைக்குப் போகாமல், மருந்து காயும்வரை என் மணிக்கட்டைப் பிடித்தபடி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். கொப்புளம் ஜோராக எழும்பியது. சான்றிதழும் எழுதியாகிவிட்டது. ஆனால் என்னைக் கூட்டிக்கொண்டு போக ஆள் கிடைக்கவில்லை. அப்பாவின் கம்பெனியில் வேலை பார்த்த ஒருவரின் மனைவி புறப்பட்டபோது பத்து மாதம் ஆகியிருந்தது.

அந்தப் பத்து மாதமும் எனக்கு ஒரு குறையும் இல்லை. அங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். தினமும் இரட்டைச் சடை, அதில் கனகாம்பரம். முதல் மாதம் விமானம் எப்போது என்று தினமும் கேட்டேன். ஐந்தாம் மாதம் கேட்பதை விட்டுவிட்டேன். இதை அம்மாவிடம் நான் கடைசிவரை சொல்லவில்லை.

வாரத்தில் ஒரு நாள் பக்கத்துத் தெருப் பெண்கள் கைக்குழந்தைகளோடு வீட்டு வாசலுக்கே வருவார்கள். பெரியப்பா குத்துவார், நோட்டில் எழுதுவார். குத்திய பிறகு சொல்ல வேண்டியதைச் சொல்வது பெரியம்மாவின் வேலை. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அவர் அதைச் சொல்லிவந்தார்.

"ஏனுங்க, இன்னைக்குப் பூராத் தண்ணி படக்கூடாதுங்க. சோப்புப் போட்டுக் களுவீட்டீங்கன்னா அத்தனையும் வீணுங்க."

நானும் கூடவே நின்று, பாடம் ஒப்பிப்பதுபோல அதை ஒப்பிப்பேன். ஒரு நாள் ஒரு பெண்ணின் குழந்தை நிறுத்தாமல் வீறிட்டது. அந்த அக்கா தவித்துப்போய், "லேசா ஈரத்துணியில தொடச்சாக்கூட ஆகாதுங்களா?" என்று கேட்டார். குழந்தையைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

"களுவுங்கக்கா, ஒண்ணும் ஆகாது" என்றேன். "எனக்கு எங்க பெரியம்மாவே சோப்புப் போட்டுக் களுவி உட்டாங்க. எரிச்சல் உடனே போயிருச்சு."

அந்த அக்கா சிரித்துவிட்டார். பெரியப்பாவின் பேனா நோட்டின் மேல் நின்றது. பிறகு எழுதத் தொடங்கியது. அவர் தலை நிமிரவில்லை.

"அடுப்பைப் பாத்துட்டு வாரேன்" என்று பெரியம்மா உள்ளே போனார். வந்த பெண்கள் எல்லோரும் போன பிறகும் அவர் திரும்பி வரவில்லை.

நான் தேடிக்கொண்டு போனேன். பெரியம்மா அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். அடுப்பில் நெருப்பு இல்லை. காலையிலேயே சமையல் முடிந்து சாம்பலும் வாரியாகிவிட்டிருந்தது. பற்ற வைக்கத்தான் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்து, நான் மாடத்திலிருந்து தீப்பெட்டியை எடுத்து நீட்டினேன்.