கடல் தொடாத நாடு

காலைக் காப்பி ஒரு பக்கம் ஆறிக்கொண்டிருக்க, செல்வதுரை கைப்பேசியில் உலகப்படத்தைத் திறந்து ஏதாவது ஒரு நாட்டின் எல்லையை விரலால் சுற்றி வருவார். எங்காவது ஓர் ஓரத்தில் நீலம் ஒட்டியிருந்தால் போதும், "இது வேண்டாம், கடல் இருக்கு" என்று அந்த நாட்டையே தள்ளிவிடுவார். இத்தாலி, துருக்கி, வியட்நாம் எல்லாம் இப்படித்தான் போயின. தூத்துக்குடி பிரையண்ட் நகரில் ஒரு மனிதர் தங்களை வேண்டாமென்று சொல்லிவிட்டது பாவம், அவற்றுக்குத் தெரியாது.

வயது அறுபது தாண்டிவிட்டது. முப்பது வருடம் சரக்குக் கப்பலில், இன்ஜின் அறையில் வேலை பார்த்தவர். தெருவில் யாராவது வெளிநாடு கிளம்பினால், உலகம் சுற்றியவர் என்று இவரிடம்தான் யோசனை கேட்க வருவார்கள். அவர் நெளிவார். "எங்களுக்கு ஊருன்னா என்ன தெரியுமா? இன்ஜின் சத்தம் நின்னா ஊரு வந்துட்டுன்னு அர்த்தம். திரும்பச் சத்தம் கேட்டா ஊரு போயிட்டு" என்பார். மேலே ஏறி எட்டிப் பார்த்தால் கிரேன், கன்டெய்னர், வாசலில் ஒரு காவலாளி. ஹாம்பர்க்கும் அப்படித்தான், கொழும்பும் அப்படித்தான். நம்மூர் ஹார்பரில் மட்டும் என்ன வாழ்கிறதாம்? ஆகவே துறைமுகமே இல்லாத நாட்டில்தான் ஊர் என்ற ஒன்று இருக்கும் என்பது அவருடைய முடிவு.

பயணச்சீட்டுக் கடை வைத்திருக்கும் செந்தில்முருகன் அவரைக் கண்டால் விடமாட்டான். "அண்ணாச்சி, சிங்கப்பூர், மலேசியா, எட்டு நாளு, சாப்பாட்டோட. ரெண்டு சீட்டு போட்டுரட்டா?"

"எட்டு நாள்ல பாதி நாளு பஸ்ஸுக்குள்ள இருக்கணும். அந்த ரூவாய்க்கு நான் ஒரு சின்ன ஊர்ல ரெண்டு மாசம் குடியிருந்துட்டு வருவேம்லா" என்று நடையைக் கட்டிவிடுவார். கஞ்சன் என்று அவரைச் சொல்லிவிட முடியாது. கருப்பட்டி தீர்ந்தால் உடன்குடிக்கே போய் வாங்கி வருகிற ஆள். கூட்டம் போகிற இடத்தில் கொட்டிக் கொடுக்க மனம் வராது, அவ்வளவுதான்.

ஊர் தேர்ந்தெடுக்க அவர் ஒரு வழி வைத்திருக்கிறார். ஓர் ஊரைப் பற்றி எத்தனை வீடியோ வந்திருக்கிறது என்று பார்ப்பார். நிறைய இருந்தால் அந்த ஊர் கழிந்தது. "வீடியோக்காரன் போன ஊர்ல டீ வெல ஏறியிருக்கும்லா?" யாரோ கை நடுங்க எடுத்த ஒரே ஒரு வீடியோ, அதிலும் ஒரு மாடு ரோட்டைக் கடப்பது தவிர ஒன்றும் நடக்கவில்லை என்றால், நிமிர்ந்து உட்கார்வார். பிறகு அங்கே வாடகைக்கு வீடு விடுகிறவர்களைத் தேடிப் பிடித்து, கைப்பேசியின் மொழிபெயர்ப்பை நடுவே வைத்துக்கொண்டு கேள்வி மேல் கேள்வி கேட்பார். கட்டில் என்ன உயரம்? வாசலில் படி உண்டா? கிர்கிஸ்தானில் ஒரு வீடு ஏறக்குறைய முடிந்து, குளிர் அதிகம் என்பதால் கைவிட்டுப் போனது. ஆர்மீனியாவில் வாடகை மலிவு, ஆனால் தெருவெல்லாம் ஏற்றம். குளிரும் ஏற்றமும் யாருக்கு ஆகாது என்று அவர் சொல்வதில்லை. அவருக்கு இரண்டும் ஒரு பொருட்டில்லை.

ஆகாதது அவர் மனைவி ஜெயஷீலாவுக்கு. அதே மாவட்டத்து நாசரேத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், சபைப் பாடகர் குழுவில் இன்னும் பாடுகிறவர். கணவர் கடலில் இருந்த முப்பது வருடமும் வீட்டுத் தீர்வை, பிள்ளைகளின் காய்ச்சல், கூரை ஒழுகல் எல்லாவற்றையும் ஒற்றை ஆளாகப் பார்த்தவர். செல்வதுரை விடுமுறைக்கு வந்தால் விருந்தாளி மாதிரி இருப்பார். கத்தரிக்கோல் எங்கே இருக்கிறதென்று கேட்டுத்தான் எடுக்க வேண்டும். இப்போது வேலையை விட்டு வந்து மூன்று வருடம் ஆகியும் கேட்டுத்தான் எடுக்கிறார். அந்த வீடு அவளுடையது. அதில் அவர் பின்னால் வந்து சேர்ந்தவர். இருவருமே புதியவர்களாக, கத்தரிக்கோல் எங்கே என்று இருவருக்குமே தெரியாத ஒரு வீட்டில் கொஞ்ச நாள் இருந்து பார்க்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. எட்டு நாளில் அது நடக்காது. அதற்குத்தான் இரண்டு மாதம்.

செல்வதுரை முதல் தடவை இந்தப் பேச்சை எடுத்தபோது ஜெயஷீலா துணி மடித்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமல், "நீங்க போயிட்டு வாங்க" என்றார். ரயிலடியில் முப்பது வருடமாக அவர் சொல்லி அனுப்பிய அதே வார்த்தை. வெளிநாடு என்றாலே அவளுக்கு வெறுத்துப்போய்விட்டது, தன்னால்தான் வெறுத்துப்போய்விட்டது என்று செல்வதுரை நினைத்துக்கொண்டார்.

ஆனாலும் தேடுவதை விடவில்லை. கடைசியில் லாவோஸில், மேகாங் ஆற்றங்கரையில் ஒரு சிற்றூர் அகப்பட்டது. அதன் பெயரை யாரிடமும் சொல்ல மாட்டார். சொன்னால் நாலு பேர் கிளம்பிப் போய் வாடகையை ஏற்றிவிடுவார்களாம். மூட்டுவலிக்கு ஒரு பதில், ஞாயிறு ஆராதனைக்கு ஒரு பதில், பூட்டிப் போகும் வீட்டுக்கு ஒரு பதில் என்று மனைவி கேட்கக்கூடிய எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தார். ஜெயஷீலாதான் எதுவுமே கேட்கவில்லை.

போன சனிக்கிழமை காலை ஜெயஷீலா பின்வாசலில் விளமீன் செதில் உரசிக்கொண்டிருந்தார். உள்ளே மேசையருகே செல்வதுரை அந்த ஊர் வீட்டுக்கார அம்மாளோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தார். சந்தை எவ்வளவு தூரம் என்று அவர் கேட்க, அந்த அம்மாள் பதில் சொல்வதற்குப் பதிலாகக் கைப்பேசியோடு சந்தைக்கே நடந்து போய்விட்டாள். "டூ மந்த். டூ பர்சன்" என்று இவர் சத்தமாகச் சொன்னார்.

பின்வாசலில் உரசும் சத்தம் நின்றது. "யாரு அந்த ரெண்டாவது ஆளு?"

"நீதான்."

"நான் வாரேன்னு எப்பச் சொன்னேன்? கடலே இல்லாத நாடா பாத்துப் பாத்துப் புடிச்சிருக்கீங்களே, அங்கன மீனுக்கு எங்க போக? ரெண்டு மாசம் சாம்பார ஊத்தித் திங்கவா?"

இந்தக் கேள்வியை மட்டும் செல்வதுரை எதிர்பார்த்திருக்கவில்லை. கடலிலேயே கிடந்து அலுத்தவருக்கு, கடல் இல்லாவிட்டால் கடல்மீனும் இருக்காது என்பது உறைத்ததே இல்லை. கூடவே வேறொன்றும் உறைத்தது. வெறுத்தவள் மீனைப் பற்றிக் கேட்க மாட்டாள்.

"ஆத்து மீன் இருக்கு ஜெயா" என்றார்.

"ஆத்து மீனா! மண்ணு நாறும்லா."

செல்வதுரை அவசர அவசரமாக மீன் கடையைக் காட்டச் சொன்னார். வீட்டுக்கார அம்மாள் ஒரு கடைமுன் நின்று, மீசை வைத்த மீன் ஒன்றை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தாள். ஜெயஷீலா எழுந்து உள்ளே வந்தார். கையில் இருந்த விளமீனைக் கீழே வைக்கவும் இல்லை.

"பளபளன்னுதான் இருக்கு. செவுளத் தூக்கிக் காட்டச் சொல்லுங்க."

செல்வதுரை சொன்னதைக் கைப்பேசி என்னவென்று மொழிபெயர்த்ததோ, அந்த அம்மாள் திருதிருவென்று விழித்தாள். "நீங்க தள்ளுங்க" என்று அவரை முழங்கையால் ஒதுக்கிவிட்டு, ஜெயஷீலா தன் மீனைத் திரைக்கு நேரே பிடித்துக் கட்டைவிரலால் செவுளைத் தூக்கிக் காட்டினார். அந்த அம்மாள் வாய்விட்டுச் சிரித்தாள். தானும் கட்டைவிரலை விட்டுத் தூக்கினாள். உள்ளே நல்ல சிவப்பு.

ஜெயஷீலா குனிந்து நன்றாகப் பார்த்தார். அந்த அம்மாள், இது போதுமா என்பதுபோல் மீனை இன்னும் உயர்த்தினாள்.

"ஏ யம்மா, இவ்வளவு பெருசு எதுக்கு?" என்ற ஜெயஷீலா, அவளுக்குப் புரியட்டும் என்று செதில் ஒட்டியிருந்த வலது கையைத் திரைக்கு முன்னால் நீட்டி, இரண்டு விரலைக் காட்டினார்.