முதலில் விரல் தூக்கியவர்

எங்கள் நோட்டில் ஐந்து கட்டங்கள் உண்டு. தேதி, ஏறத் தொடங்கிய நேரம், சேவல் கூவிய நேரம், திசை, முதலில் விரல் தூக்கியவர். இந்தப் பங்குனியோடு பன்னிரண்டு வருஷமாக இந்த ஐந்தையும் நான்தான் நிரப்பி வருகிறேன். ஒரு பஞ்சாலையில் ஆட்கள் வரும் நேரம், போகும் நேரம் குறிக்கும் டைம் ஆபீசில் வேலைக்காலம் முழுவதும் உட்கார்ந்திருந்தவனுக்கு இது கஷ்டமான வேலை இல்லை. நண்பர்கள் இருவரும் என்னைக் கூப்பிடுவதே 'டைம் ஆபீசு' என்றுதான்.

பங்குனி இரண்டாவது ஞாயிறு, விடியும் முன், ஆனைகட்டி ரோட்டுக்கு மேற்கே உள்ள ஒரு சரிவில் மூன்று பேரும் ஏறுவோம். காட்டுச்சேவல் கூவுவதைக் கேட்பதற்காக. இதற்கு எங்களுக்குள் வேட்டை என்று பெயர். துப்பாக்கி கிடையாது, கண்ணி கிடையாது. அதெல்லாம் சட்டப்படி குற்றம். குற்றமாக இல்லாவிட்டாலும் எங்களில் யாரும் செய்திருக்க மாட்டோம். சேவல் கூவும், நாங்கள் கேட்போம், ஃபிளாஸ்க்கில் இருக்கும் காப்பியைக் குடித்துவிட்டு இறங்குவோம்.

அந்தச் சரிவு நண்பர் ஒருவருடைய பட்டா நிலம். கீழே தென்னந்தோப்பும் வீடும். மேலே போகப்போக வேங்கையும் வாகையும் மூங்கிலும் மண்டி, எங்கே தோட்டம் முடிந்தது, எங்கே காடு தொடங்கியது என்று தெரியாத நிலம். சில இடங்களில் வேரைப் பிடித்துத்தான் ஏற வேண்டும். பங்குனியில் மரங்கள் பாதி மொட்டையாக நிற்பதால் சத்தம் வெகுதூரம் வரும். சேவல்கள் அதிகம் கூவுவதும் அப்போதுதான்.

நிலத்துக்காரரைத் தோட்டத்துக்காரர் என்றே இங்கே எழுதுகிறேன். மூன்றாமவர் கருமத்தம்பட்டியில் முப்பது வருஷம் விசைத்தறி ஓட்டியவர், அவர் தறிக்காரர். தறிக்காரருடைய அப்பா தோட்டத்துக்காரருடைய அப்பாவிடம் பண்ணையத்தில் வேலை பார்த்தவர். சின்ன வயதில் ஒரு பக்கம் மட்டும் மரியாதைக்கு 'ங்க' போட்டுப் பேசினார்களாம். இப்போது இரண்டு பக்கமும் 'ங்க'தான். அது எந்த வருஷம் மாறியது என்று இருவரையும் தனித்தனியாகக் கேட்டிருக்கிறேன். இருவருக்கும் நினைவில்லை. என் கையில் அகப்படாத தேதிகளில் அது ஒன்று.

ஏறுவதற்கு எங்களிடம் ஒரே ஒரு விதி. காது நன்றாக உள்ளவர் முன்னால் போக வேண்டும். சேவலுக்காக மட்டும் இல்லை, அந்தச் சரிவில் யானை நடமாட்டம் உண்டு. மூங்கில் முறியும் சத்தத்தை முதலில் கேட்பவர் கையை உயர்த்தினால் மற்றவர்கள் நின்றுவிட வேண்டும். முதல் வருஷத்திலிருந்தே முன்னால் போனவர் தறிக்காரர். தோட்டத்துக்காரர் தன் சொந்த நிலத்தில் அவர் பின்னால் நடப்பார், நான் கடைசி. சேவல் கூவியதும் முதலில் விரல் தூக்குகிறவருக்கு முதல் கப் காப்பி. அதுவும் பெரும்பாலும் தறிக்காரருக்கே போகும்.

இந்த வருஷம் மாசியில் பழைய நோட்டின் ஓரத்தைப் பூச்சி அரித்திருந்தது. புது நோட்டில் எல்லாவற்றையும் திருத்தமாக எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்தேன். வருஷத்துக்கு ஒரு வரியாக எழுதும்போது தெரியாதது, பதினோரு வரிகளை ஒரே மூச்சில் எழுதும்போது தெரிந்துவிட்டது. கடைசிக் கட்டத்தில் முதல் எட்டு வருஷமும் 'த', அதாவது தறிக்காரர். அப்புறம் 'தோ', 'தோ', 'நான்'. எனக்கே இடதுகாது அவ்வளவு நன்றாகக் கிடையாது. என்னிடம் தறிக்காரர் தோற்றிருக்கிறார் என்றால் அதற்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும். போன வருஷம் சேவல் கூவியபோது அவர் மரத்தையோ வானத்தையோ பார்க்காமல் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்ததும் நினைவுக்கு வந்தது.

பேனாவை மூடி வைத்துவிட்டேன். காது கேட்காத ஒருவரை யானைத் தடத்தில் முன்னால் விட்டு மூன்று வருஷமாக ஏறியிருக்கிறோம். அதை எழுதி வைத்திருந்தவனுக்கே தெரியவில்லை.

தோட்டத்துக்காரருக்குப் போன் செய்தேன்.

"எனக்குத் தெரியுமுங்க," என்றார். "ரெண்டு வருசமாத் தெரியும்."

"தெரிஞ்சுமா முன்னால விட்டீங்க?"

"அதான் நாம் பின்னாலயே ஒட்டிட்டுப் போறனுங்களே. நீங்க பாக்குலியா?"

பார்த்திருந்தேன். நோட்டில் குறித்தும் இருந்தேன்: 'தோ. முன்னைவிட வேகமாக ஏறுகிறார். உடம்பு தேறியிருக்கிறது.'

"ஒரு வார்த்தை சொல்லிப்போட வேண்டியதுதானுங்களே," என்றேன்.

"நாஞ் சொன்னா அது வேற மாதிரிப் போயிருமுங்க. என்ற எடத்துல, அவரைப் பாத்து, நீங்க பின்னால வாங்கன்னு எப்படிங்க சொல்றது? நீங்க வேணாச் சொல்லுங்க. நோட்டு உங்ககிட்டத்தான இருக்குது."

சொல்கிறேன் என்றேன். ஆனால் பங்குனி இரண்டாவது ஞாயிறு வரை சொல்லவில்லை.

அன்று நேரமே போய்ச் சேர்ந்தோம். தோட்டத்துக்காரரின் மனைவி காப்பியை ஃபிளாஸ்க்கில் ஊற்றிக்கொண்டிருந்தார். வாசலில் அவருடைய வான்கோழிகள் கூட்டுக்குள் முனகிக்கொண்டிருந்தன. தோட்டத்துக்காரர் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன மரப்பெட்டியை எடுத்துக் காட்டினார். மகனைப் பார்க்க அமெரிக்கா போயிருந்தபோது பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்ததாம். அங்கே வசந்தத்தில் மலைச்சரிவுகளில் காட்டு வான்கோழி வேட்டை உண்டு, அரசாங்கமே அனுமதிச் சீட்டு கொடுக்கும். பெட்டியின் மூடியை விளிம்பில் தேய்த்தால் பெட்டை வான்கோழி கூப்பிடுவது போலச் சத்தம் வரும், ஆண் கோழி தேடிக்கொண்டு வந்துவிடும்.

"கடல் தாண்டிப் போயி இதைத்தான் வாங்கீட்டு வந்தாருங்க," என்றார் மனைவி. "மூணு நாளா ஊட்டுக்குள்ள தேச்சுத் தேச்சு எனக்குத் தலைவலி."

"உம்மைக் கூப்புடறதுக்குத்தான் அம்மணி பழகறேன்."

"போன்ல கூப்புட்டாவே எடுக்கறதில்லை. பொட்டியில கூப்புட்டா வந்துருவனாக்கும்."

தறிக்காரர் எல்லோரும் சிரித்த பிறகு சிரித்தார். அவர் சிரிப்பின் நேரத்தையும் நான் இத்தனை நாள் கவனித்ததில்லை.

ஐந்தரைக்கு ஏறினோம். வழக்கம்போல அவர் முன்னால். தோளில் துண்டு, கையில் குச்சி, ஒரு சுள்ளிகூட மிதிபடாத நடை. வளைவுகளில் நின்று, தலையைச் சாய்த்து, கேட்பது போல ஒரு பாவனை. முன்பெல்லாம் அது பாவனையாக இருந்ததில்லை. பின்னாலேயே தோட்டத்துக்காரர் கைக்கெட்டும் தூரத்தில் மூச்சு வாங்க ஏறினார்.

பாதி வழியில் பாறைமேடு ஒன்று வரும். அங்கே தோட்டத்துக்காரரின் செருப்பு வார் அறுந்துவிட்டது. அவர் குனிந்தார், நானும் நின்றேன். தறிக்காரர் தொடர்ந்து போனார். அந்த நேரம் இடதுபக்கப் பள்ளத்தில் மூங்கில் ஒன்று முறிந்தது. மெல்லிய சத்தம் இல்லை. முழு மூங்கில், முறிந்து, அப்புறம் இழுபடுகிற சத்தம். தறிக்காரர் அதை நோக்கியே பத்தடி நடந்துவிட்டார்.

தோட்டத்துக்காரர் ஒற்றைச் செருப்போடு ஓடினார். அந்தச் சரிவில் அறுபத்தாறு வயதில் அப்படி ஓட முடியும் என்று நான் நினைத்ததில்லை. பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்ததில் இருவரும் உட்கார்ந்துவிட்டார்கள். பள்ளத்தில் இன்னொரு முறை இலை சலசலத்தது. அப்புறம் பெரிய உடம்பு ஒன்று அவசரமில்லாமல் கீழ்ப்பக்கம் விலகிப்போகும் சத்தம். கடைசிவரை எங்கள் கண்ணில் படவில்லை. எழுந்து பாறையின் மேல்பக்கம் ஏறிக் கால்மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். சத்தம் திரும்ப வரவில்லை.

"மூங்கிலுங்களா?" என்று எங்கள் உதட்டைப் பார்த்தபடி கேட்டார் தறிக்காரர்.

"ஆமாங்க," என்றார் தோட்டத்துக்காரர்.

"பக்கத்துலயா?"

"பக்கத்துலதானுங்க."

தறிக்காரர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் என் பக்கம் திரும்பினார். "டைம் ஆபீசு. உங்க நோட்டுல இருக்குமுங்களே. எத்தனை வருசமாச்சு?"

"மூணுங்க," என்றேன்.

"நாலு."

"இல்லீங்க. எட்டாவது வருசமும் நீங்கதான் மொதல்ல. எழுதியிருக்கறேன்."

"நீங்க எழுதுனது தப்புங்க," என்றார். "அன்னைக்கு எனக்கு ஒண்ணும் கேக்குலீங்க. இவரு கழுத்துத் திரும்புச்சு. இவரு வெரலைத் தூக்கறதுக்குள்ள நாந் தூக்கிப்போட்டேன். நீங்க வாட்சைப் பாத்து எழுதிப்போட்டீங்க. மொதக் காப்பியும் நாந்தான் குடிச்சேன்."

பதினோரு வருஷத்தில் ஒரு நிமிஷம்கூடப் பிசகவில்லை என்று பெருமைப்பட்ட நோட்டில் ஒரு பொய் நான்கு வருஷமாக இருந்திருக்கிறது.

"பையன் காதுக்கு மெசினு வாங்கிக் குடுத்தானுங்க," என்றார் அவரே. "போட்டா எனக்குத் தறி ஓடற மாதிரியே இருக்குது. கழட்டிப் பீரோவுல வெச்சுப்போட்டேன்."

"இங்க வரும்போதாச்சும் போட்டுட்டு வரலாமுங்களே," என்றேன்.

"போட்டுட்டு வந்தா, ஏன் போட்டுட்டு வந்தீங்கன்னு நீங்க கேப்பீங்க."

தோட்டத்துக்காரர் என்ன செய்வது என்று தெரியாமல் சட்டைப்பையிலிருந்து அந்தப் பெட்டியை எடுத்து, மூடியை மூன்று தடவை தேய்த்தார். கீழே, வெகு கீழே, வீட்டு வாசலிலிருந்து ஆண் வான்கோழி தொண்டை கிழியப் பதில் சொன்னது. இவர் மறுபடி தேய்க்க, அது மறுபடி.

பெட்டியைப் பார்த்துத் தறிக்காரரின் விரல் மேலே போனது. "இது கேக்குதுங்க," என்றார்.

உடனே தோட்டத்துக்காரரின் போன் நடுங்கியது. மனைவி. அவர் பேசியது எனக்கே கேட்டது. "ஏனுங்க, அங்க என்ன பண்ணிட்டிருக்கறீங்க? இங்க வான்கோழிச் சேவல் கூட்டை ஒடைக்குது. பொட்டியைத் தூக்கிப் பள்ளத்துல வீசிப்போட்டு வாங்க."

அப்போதுதான் மூவரும் நன்றாகச் சிரித்தோம், ஒரே நேரத்தில்.

ஆறு இருபத்து மூன்றுக்குக் காட்டுச்சேவல் கூவியது. மேற்கே, உண்ணிச்செடிப் புதர் தாண்டி. உடைந்த குரலில் இரண்டு இழுப்பு, கடைசியில் மெல்ல இரண்டு முனகல். தோட்டத்துக்காரரும் நானும் விரலைத் தூக்கினோம், அவர் எனக்கு முன்னால். தறிக்காரர் கையை மடியில் வைத்துக்கொண்டு, "எக்கட்டயிங்க?" என்று கேட்டார். தோட்டத்துக்காரர் திசையைக் காட்டினார்.

தறிக்காரர் துண்டை நான்காக மடித்துத் தொடையில் அடித்தார். சேவல் கூவுவதற்கு முன் இறக்கையை அடித்துக்கொள்ளும், அந்தத் தாளத்தில். அப்புறம் கையை வாயில் குவித்துக் கூவினார். தன் குரலே அவருக்கு எவ்வளவு கேட்டிருக்கும் என்று தெரியாது. ஆனால் அதில் துளி பிசகு இல்லை. புதருக்குள்ளிருந்து பதில் வந்தது. அவர் எங்கள் முகத்தைப் பார்த்து அதைத் தெரிந்துகொண்டு, மறுபடி துண்டை அடித்தார். இரண்டாவது பதில் இன்னும் பக்கத்தில் இருந்தது.

பிறகு நாங்கள் இருவரும் காதைத் தீட்டிக்கொண்டு மேற்கே பார்த்திருக்க, அவர் விரலைத் தூக்கித் தெற்கே காட்டினார். சேவல் சுற்றி வந்திருக்கிறது. வேங்கை மரத்தடியில், இருபதடியில், கழுத்து இறகெல்லாம் மஞ்சள் மெழுகு சொட்டினாற்போல மின்ன, எங்களைத் திட்டுவதற்கு வந்தவன் மாதிரி நின்றது. பத்து எண்ணுவதற்குள் போய்விட்டது.

காப்பியை ஊற்றினேன். முதல் கப்பைத் தோட்டத்துக்காரரிடம் நீட்டினேன். அவர் அதைத் தறிக்காரரிடம் நீட்டினார். தறிக்காரர் வாங்கவில்லை. "நாலு வருசத்துக்கு முந்தி உங்குளுதை நாங் குடிச்சுப்போட்டேன். இது உங்குளுதுங்க. கம்முனு குடிங்க," என்றார். தோட்டத்துக்காரர் கம்மென்று குடித்தார்.

இறங்க எழுந்தபோது தறிக்காரர் பாதையை விட்டு ஒதுங்கி நின்றார். "நீங்க முன்னால போங்க," என்றார்.

"நான் முன்னால நடந்து பழக்கமில்லீங்களே."

"உங்க எடந்தானுங்க."

தோட்டத்துக்காரர் போனார். ஒற்றைச் செருப்போடு, மெல்ல. முதல் கிளைப்பாதையிலேயே நின்றுவிட்டார். பதினோரு வருஷமாக ஒருவர் முதுகைப் பார்த்தே நடந்த மனிதருக்குத் தன் நிலத்தில் வழி தெரியவில்லை. திரும்பாமலே, உரக்க, "எந்தப் பக்கமுங்க?" என்றார்.

தறிக்காரர் அவர் வலது தோளில் கையை வைத்து மெல்லத் தள்ளினார். வீட்டுக்கு வரும்வரை அந்தக் கையை எடுக்கவில்லை.

அன்று மாலை எட்டாவது வருஷத்து வரியில் 'த'வை ஒரே கோடாக அடித்து, மேலே 'தோ' என்று எழுதி, பக்கத்தில் என் கையெழுத்தும் திருத்திய தேதியும் போட்டேன். டைம் ஆபீசில் திருத்தம் செய்யும் முறை அதுதான், அடித்தது கீழே தெரிய வேண்டும். இந்த வருஷத்து வரியில் முதலில் விரல் தூக்கியவர் 'தோ'. அதற்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கட்டம் கோடு போட்டேன். முதலில் கண்டவர்: 'த'. அதற்கும் பிறகு இடமிருந்தது. இறங்கிய வரிசை: தோ, த, நான் என்று எழுதி, வழி சொன்னவர் என்ற இடத்தில் மறுபடியும் 'த' என்று எழுதினேன்.