பலகைக்கு இஸ்திரி போட்டவர்

கையில் எது சிக்கினாலும் மாஸ்டர் அதைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்ப்பார். பேருந்துச் சீட்டு, வாழை இலை, கத்தரிக்காய்த் தோல், பக்கத்து வீட்டுக் குழந்தையின் காது, எதுவும் தப்பாது. லாரியிலிருந்து அந்த மரப்பலகை இறங்கியபோதும் அதைத்தான் செய்தார். எட்டடி நீளம், இரண்டடி அகலம், ஒன்றரை இஞ்ச் கனம். குனிந்து அதன் மூலையைப் பிடித்துத் தேய்த்தார். பலகை மசியவில்லை. ஒரு சிராய்தான் விரலில் ஏறியது. விரலை வாயில் வைத்துக்கொண்டே சொன்னார்:

"கஞ்சி ஜாஸ்தி போட்டிருக்கான். ஒரு அலசு அலசுனா சரியாயிடும்."

நாங்கள் சிரித்தோம். வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்துவிட்டோம்.

மாஸ்டர் என்றால் தையல்கடை மாஸ்டர். தெருவுக்குள் அவர் பெயர் அரை இஞ்ச். சட்டையோ கால்சட்டையோ, உள்பக்கம் அரை இஞ்ச் துணி கூடுதலாக விடாமல் தைக்க அவர் கைக்குத் தெரியாது. "இன்னைக்கு இருக்கிற உடம்பா நாளைக்கு இருக்கப்போகுது? பிரிச்சு விட்டுக்கலாம்ல" என்பார். என் சட்டை ஒன்றைப் பதினோரு வருடமாகப் பிரித்துப் பிரித்து விட்டுத் தருகிறார். இன்னும் இரண்டு குடும்பம் அதற்குள் வாடகைக்கு இருக்கலாம். ஆள் ஒட்டடைக் கம்பு உயரம். வாயின் இடது ஓரத்தில் எந்நேரமும் நான்கு குண்டூசி இருக்கும். அதனால் பேச்செல்லாம் வலது ஓரம் வழியாகத்தான் வெளியே வரும். தூங்கும்போதாவது எடுப்பாரா என்று அவர் வீட்டில் கேட்க வேண்டும்.

அவர் வீட்டில் என்றால் அக்கா. ஐந்தடிக்குக் கொஞ்சம் கம்மி. வாய் மட்டும் ஆறடி. பக்கத்து அலுவலகத்தில் முப்பத்திரண்டு பேருக்கு மதியச் சாப்பாடு அக்கா கையால்தான். பதினொன்றரை மணிக்கு டப்பாக்கள் வாசலைத் தாண்டிவிடும். கடிகாரம் நின்றுபோன வீடுகளில் அதைப் பார்த்துத்தான் நேரம் வைத்துக்கொள்வார்கள்.

தொல்லை என்னவென்றால் அந்த அடுப்படி மேடை. முன்பு அந்த வீட்டில் இருந்தவர் யாரோ தன் உயரத்துக்குக் கட்டியது. அவர் ஆளா, மின்கம்பமா தெரியாது. பதினைந்து வருடமாக அக்கா அந்த மேடையில் இரண்டு தோளையும் காதுவரை தூக்கிக்கொண்டுதான் காய் நறுக்கினாள். முக்காலி போட்டு ஏறி நின்றும் பார்த்தாள். இரண்டு தடவை விழுந்தாள். கடைசியில் வலது தோள் ஏறிய இடத்திலேயே நின்றுவிட்டது. "மேடைய இறக்குங்க, இல்லன்னா வேலைய விடுங்க" என்றார் டாக்டர்.

தச்சரைக் கேட்டார்கள். கையில் வேலை நிறைய இருக்கிறது, இரண்டு மாதம் ஆகும் என்றார்.

"ரெண்டு மாசம் இந்தத் தோள் தாங்காது" என்றாள் அக்கா. "நான் விட்டுடறேன்."

"எதுக்கு விடணும்? நானே போடறேன்" என்றார் மாஸ்டர்.

"ஏங்க, அது மரவேலைங்க."

"அளவெடுக்கணும், வெட்டணும், பொருத்தணும். முப்பது வருஷமா நான் வேற என்ன பண்றேன்?"

அக்கா அலுவலகத்தில் பத்து நாள் லீவு சொல்லிவிட்டு வந்தாள். அங்கிருந்த வாட்ச்மேன் நல்ல மனிதர், உண்மையைச் சொல்லிவிட்டார். "இன்னொரு அம்மா ரெண்டு வாட்டி வந்து கேட்டுட்டுப் போயிருக்காங்க. பதினோராவது நாள் டப்பா வரலன்னா அவங்களுக்குக் குடுத்துருவாங்க. என்னால ஒண்ணும் பண்ண முடியாதும்மா."

பழைய மேடையைப் பெயர்த்தாகிவிட்டது. கீழே இருந்த அலமாரிகளின் கால்களை அறுத்துக் குட்டையாக்க வேண்டும். எவ்வளவு குட்டை? முழங்கைக்கு நான்கு விரல் கீழே மேடை இருக்க வேண்டும் என்று தச்சர் போனில் சொன்னார். மாஸ்டர் டேப்பை எடுத்துக்கொண்டு அக்கா முன்னால் போய் நின்றார். நின்றவர், நின்றுகொண்டே இருந்தார். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. ஊருக்கெல்லாம் டேப் பிடித்த கை, அக்காவுக்கு மட்டும் பழைய துணியைப் பார்த்தே தைத்திருக்கிறது.

"எல்லாருக்கும் எடுத்தாச்சு. எனக்கு அளவெடுக்க இருபத்தாறு வருஷம் ஆச்சா?" என்றாள் அக்கா.

"நேரா நில்லு. அளவெடுக்கும்போது பேசக் கூடாது."

"பேசலன்னா எனக்கு உயரம் கொறஞ்சிடும்."

மாஸ்டருக்குக் காது சிவந்துவிட்டது. தரையிலிருந்து முழங்கைக்கு முப்பத்தேழு இஞ்ச் என்று சுண்ணக்கட்டியால் சுவரில் எழுதினார். பிறகு நான்கு விரலை வைத்துப் பார்த்துக் கழித்தார்.

அன்று சாயங்காலம்தான் அந்தக் கூத்து. அக்காவின் தம்பிதான் லாரி ஓட்டிப் பலகையைக் கொண்டுவந்தவர். அவரையும் என்னையும் பிடித்து, பலகையை மொட்டைமாடிக்குத் தூக்கச் சொன்னார் மாஸ்டர். மேலே போனதும் குழாயைத் திறந்து ரப்பர் குழாயால் பலகையைக் குளிப்பாட்ட ஆரம்பித்தார். முதுகு, வயிறு, விலா எல்லாம். யானையைக்கூட அப்படித் தேய்க்க மாட்டார்கள்.

"மாமா, என்ன பண்றீங்க?"

"புதுத் துணிய நனைக்காம வெட்டினா மொதல் துவையல்ல மானம் போயிடும், மாப்ள. சுருங்கறதெல்லாம் இப்பவே சுருங்கிக்கட்டும்."

கீழேயிருந்து அக்கா கத்தினாள். "அது மரங்க!"

"மரமும் தண்ணி குடிச்சு வளந்ததுதானே!" என்று இவர் மேலேயிருந்து கத்தினார்.

பலகையைத் தரையில் மல்லாக்கப் போட்டு வந்தோம். மறுநாள் வெயில் நன்றாக அடித்தது. மத்தியானம் மேலே போய்ப் பார்த்தால் பலகை இல்லை, அங்கே ஒரு படகு கிடக்கிறது. இரண்டு ஓரமும் எழும்பி, நடுவில் குழிந்து, கரையில் ஏற்றி வைத்த மாதிரி.

"மாமா, ரெண்டு துடுப்பு வாங்கிட்டா போதும். அக்கா அதுலயே ஏறி சாப்பாடு கொண்டுபோயிடும்" என்றார் தம்பி.

சேதி கேட்டுத் தச்சர் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். உதவி செய்ய அல்ல, பார்க்க. சிரித்துச் சிரித்துத் தண்ணீர்த்தொட்டி ஓரமாக உட்கார்ந்துவிட்டார். மூச்சு திரும்பியதும் சொன்னார்: "மேல் பக்கம் வெயில்ல காஞ்சு சுருங்கிடுச்சு. கீழ்ப் பக்கம் ஈரத்தக் குடிச்சு அப்படியே கெடக்கு. இழுத்துக்கிச்சு. நிழல்ல ஒரு மாசம் போட்டு வைங்க, கொஞ்சம் எறங்கும்."

ஒரு மாதம். கையில் இருந்தது எட்டு நாள்.

அக்கா திட்டுவாள் என்று எல்லோரும் தயாராக நின்றோம். அவள் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. மாடிப்படியில் உட்கார்ந்து, இடது கையால் வலது தோளைப் பிடித்து விட்டுக்கொண்டே, "சரி விடுங்க. வாட்ச்மேன்கிட்ட நானே சொல்லிடறேன். பதினஞ்சு வருஷம் ஆக்கிப் போட்டது போதும்" என்றாள். ஆறடி வாய் அரை அடிக்கு வந்துவிட்டது.

மாஸ்டர் வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சட்டைப்பையின் விளிம்பில் குத்தினார். நான் பார்க்க அவர் வாய் காலியாக இருந்தது அன்றுதான். பலகை பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, குழிந்த இடத்தைத் தடவினார். தடவினார், தடவினார், நாங்கள் டீ குடித்து டம்ளரைக் கழுவி வைக்கும்வரை தடவினார். திடீரென்று எழுந்தார்.

"காலர் சுருட்டிக்கிச்சு. அவ்வளவுதானே?"

அவ்வளவுதான். ஓடினார். அந்தக் கால்களுக்கு நான்கே எட்டில் கடை வந்துவிடும். திரும்பி வரும்போது கையில் கடையின் பெரிய இஸ்திரிப் பெட்டி, தோளில் ஒரு மூட்டைப் பழைய துணி.

துணியை நனைத்துப் பிழிந்து, பலகையின் குழிந்த பக்கத்தில் விரித்தார். அதன்மேல் பெட்டியை வைத்து அழுத்தினார். உஸ்ஸென்று ஆவி எழுந்தது. மாடி முழுக்க மரக்கடை வாசனை. துணி காய்ந்ததும் நனைத்தார், மறுபடி தேய்த்தார். "காஞ்சு சுருங்கின பக்கத்துக்கு ஆவி காட்டணும். விறைப்பு விடும், படிஞ்சு வரும். காலருக்கு இதான் வைத்தியம்" என்றார். ஓரம் ஓரமாக, விலா விலாவாக, ஒரு மாப்பிள்ளை கோட்டுக்குக் கொடுக்கிற மரியாதையோடு பலகைக்கு இஸ்திரி போட்டார். தச்சர் முதல் அரை மணி நேரம் சிரித்தார். அப்புறம் சிரிப்பதை நிறுத்திவிட்டு உற்றுப் பார்த்தார். அப்புறம் எழுந்துபோய் ஈரத்துணியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

பொழுது சாய்வதற்குள் படகு தட்டாகிவிட்டது. தட்டுதான், பலகை ஆகவில்லை. அதைக் கீழே தூக்கிவந்து, மேடு தெரிகிற பக்கம் மேலே இருக்கும்படி இரண்டு கட்டைகள்மேல் கவிழ்த்துப் போட்டார்.

"உக்காருங்க" என்றார்.

"யாரு?"

"எல்லாரும்தான்."

மூன்று நாள் எங்கள் தெருவின் பேச்சுவார்த்தை முழுவதும் அந்தப் பலகைமேல்தான் நடந்தது. காலையில் நானும் தம்பியும். மத்தியானம் செங்கல். சாயங்காலம் மாடிவீட்டு ஓனர். ஓனரின் எடை நூற்றெட்டுக் கிலோ; அவரை நடுவில் உட்காரவைத்து, "அசையாதீங்க சார், நீங்கதான் மெயின்" என்றார் மாஸ்டர். உட்கார்ந்ததற்காகத் தன்னை ஒருவர் பாராட்டுவது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை என்று ஓனர் நெகிழ்ந்துபோனார். வாடகைப் பேச்சையே எடுக்கவில்லை.

நாங்கள் உட்கார்ந்திருந்த நேரத்தில் மாஸ்டர் அடுப்படியில் பழுப்புக் காகிதத்தை விரித்துச் சுவரோடு ஒட்டி வெட்டிக்கொண்டிருந்தார். சுவர் மூலை கோணல். பாத்திரம் கழுவும் தொட்டி வரும் இடத்தில் குழாய் ஒன்று துருத்திக்கொண்டு நிற்கும். "சுவருக்கு ஒரு பக்கம் தோள் எறங்கியிருக்கு. அதுக்கேத்த மாதிரிதான் தைக்கணும்" என்று கழுத்து வெட்டுவதுபோலத் தொட்டிக்கு வளைவு வெட்டினார். அந்தக் காகிதத்தைப் பலகைமேல் போட்டுச் சுண்ணக்கட்டியால் கோடு இழுத்து, தச்சரின் ரம்பத்தால் அறுத்தார். ஏழாவது நாள் பலகையைத் தூக்கி, கால் அறுத்துக் குட்டையாக்கிய அலமாரிகள்மேல் வைத்தபோது, சுவருக்கும் பலகைக்கும் நடுவில் பேருந்துச் சீட்டுகூட நுழையவில்லை. தச்சர் சீட்டை நுழைத்து நுழைத்துப் பார்த்துக் கிழித்ததுதான் மிச்சம். நடுவில் மட்டும் ஒரு சின்ன மேடு இருக்கிறது. கோலிக்குண்டை வைத்தால் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத்தான் உருளும்.

"ஸ்க்ரூ ஓட்டைய வட்டமா போடாதீங்க, நீளவாக்குல விடுங்க. மழைக்கும் வெயிலுக்கும் மரம் நகரும்" என்றார் தச்சர்.

"காஜா எடுக்கச் சொல்றீங்க" என்றார் மாஸ்டர். பலகைக்கு அடியில் அலமாரிச் சட்டத்தில் பட்டன் ஓட்டை மாதிரியே பத்து ஓட்டை. மல்லாந்து படுத்துக்கொண்டு அலமாரிக்குள்ளேயிருந்து ஸ்க்ரூ முடுக்கினார். கால்கள் வரவேற்பறை வரை நீண்டிருந்தன. வந்தவர்கள் எல்லாம் தாண்டிப் போனார்கள்.

அப்புறம் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பு. அப்புறம் எண்ணெய். ஒரு பூச்சு, ஒரு நாள் காயவைத்தல்; மறுபடி ஒரு பூச்சு; மறுபடி. பத்தாவது நாள் பலகை பளபளவென்று நின்றது. குனிந்தால் மூக்குத் தெரிந்தது. அந்த மூன்று நாளும் மாஸ்டர் அடுப்படி வாசலில் காவல் இருந்தார். தம்பி டீ டம்ளரைத் தெரியாமல் அதன்மேல் வைக்கப் போக, "டேய்ய்!" என்று போட்ட சத்தத்தில் ஓனர் மாடியிலிருந்து இறங்கி வந்துவிட்டார்.

பதினோராவது நாள் காலை ஆறு மணிக்கு வாசலில் நான்கைந்து பேர் கூடிவிட்டோம். டப்பா தூக்க என்று சொல்லிக்கொண்டோம். அக்கா மேடை முன்னால் போய் நின்றாள். இரண்டு உள்ளங்கையையும் பலகைமேல் வைத்தாள். இரண்டு தோளும் கீழே இறங்கின. அக்காவுக்குக் கழுத்து என்று ஒன்று இருப்பதே எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது.

"எப்படி?" என்றார் மாஸ்டர், வாயின் வலது ஓரமாக.

முப்பத்திரண்டு பேருக்குக் காய் கிடந்தது. அக்கா கேரட்டைக் கழுவி வைத்தாள். கத்தியை எடுத்தாள். பலகையைப் பார்த்தாள், கத்தியைப் பார்த்தாள். பிறகு ஒரு தடித்த துண்டை எடுத்து நான்காக மடித்துப் பலகைமேல் விரித்தாள். அதன்மேல் செய்தித்தாள் ஒரு கட்டு. அதன்மேல் பழைய காய் நறுக்கும் கட்டை.

"எதுக்கு அது?"

"கண்ணாடி மாதிரி வச்சிருக்கீங்க. பத்து நாளு பட்ட பாட்டுக்கு, இதுல போய்க் கத்திய வைக்க எனக்கு மனசு வருமா?"

கட்டைமேல் கேரட்டை வைத்து நறுக்க ஆரம்பித்தாள். டக், டக், டக். மூன்றாவது டக்குக்கு வலது தோள் மெல்ல மேலே கிளம்பியது. நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. மாஸ்டர் மட்டும் அக்காவின் ரவிக்கைத் தோள் தையலையே பார்த்துக்கொண்டிருந்தார். தையல் கழுத்தை நோக்கி ஒரு விரல் ஏறியது. அப்புறம் இரண்டு விரல்.

மாஸ்டர் உள்ளே போனார். கட்டையைத் தூக்கிச் சுவரோரம் நிறுத்தினார். செய்தித்தாளை எடுத்து என் கையில் கொடுத்தார். துண்டை உதறித் தன் தோளில் போட்டுக்கொண்டார். அக்கா கையிலிருந்த கத்தியை மெதுவாக வாங்கினார். பளபளக்கிற பலகையின் நடுவில், தான் மூன்று நாள் எண்ணெய் பூசிக் காவல் காத்த அந்த இடத்தில், ஒரு கேரட்டை வைத்து ஓங்கி ஒரு வெட்டு வெட்டினார்.

"ஐயையோ!" என்றாள் அக்கா.

கேரட் துண்டுகளை ஒதுக்கினார். பலகையில் நூல் கனத்துக்கு ஒரு கோடு விழுந்திருந்தது. அதை விரலால் ஒருமுறை தடவிவிட்டு, கத்தியைத் திருப்பி, பிடியை அக்கா பக்கமாக நீட்டினார்.