எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறிய கார்

அந்தக் காரைப் பார்த்ததும் எனக்குத் தோன்றியது, இதைச் செய்தவன் தன் வாழ்நாளில் ஒரு தோட்டத்து ரோட்டைக்கூடப் பார்த்திருக்க மாட்டான் என்பதுதான். சிவப்பு நிறம். உயரம் என் இடுப்பு வரைக்கும். வயிற்றுக்கும் தரைக்கும் நடுவில் நாலு விரல் வைக்கலாம். உட்காரும் இடம் ரெண்டு பேருக்கு. கல்யாணம் கட்டி ஒரு பிள்ளை பிறந்தால் அதை எங்கே வைப்பார்கள் என்று கேட்டேன்.

சொந்தக்காரர் கொழும்பில் கடை வைத்திருக்கிற தமிழ் ஆள். பொகவந்தலாவைக்கு மேலே எங்கள் தோட்டத்துப் பழைய துரை பங்களா இப்போது வெளியாட்கள் வந்து தங்கும் இடம். அங்கே வந்தவர், தேயிலைக்கு நடுவில் காரை நிறுத்திப் படம் எடுக்க ஆசைப்பட்டு, கொழுந்து லொறி போகிற ரோட்டில் அதை ஏற்றினார். லொறியே மூச்சு வாங்குகிற ரோடு. ஒரு கல்லு காரின் அடியைக் கிழித்து, எண்ணெய் முழுக்க வாய்க்காலில் ஓடியது. நான் போய்ப் பார்த்தபோது அவர் அந்தக் கல்லைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார், அதன்மேல் வழக்குப் போடப் போகிறவர் மாதிரி. நான் கொழுந்து எடுக்கப் போன முதல் நாளிலேயே அந்தக் கல்லு அங்கேதான் கிடந்தது.

பங்களாக்காரர்கள் என் மகனைக் கூப்பிட்டார்கள். அவனிடம் ஒரு பழைய ஜீப்பும், அதன் பின்னால் இழுத்துப் போக ஒரு தட்டை ட்ரெயிலரும் இருக்கின்றன. பழுதான வாகனங்களை ஏற்றி ஹட்டன் கராஜுகளில் இறக்குவான். அதுதான் அவன் பிழைப்பு. பெண்சாதியும் ரெண்டு பெண் பிள்ளைகளும் அவனை நம்பித்தான் இருக்கிறார்கள். தோட்டத்திலிருந்து கீழே இறங்குகிற ரோடு வளைவுக்கு வளைவு. ஒரு பக்கம் மண் சுவர், மறுபக்கம் ஒன்றுமில்லை, தேயிலை அப்படியே ஆறு வரைக்கும் இறங்கும். இறக்கத்தில் ட்ரெயிலர் பாரம் முன்னுக்குச் சரிந்தால் ஜீப்பைப் பின்னாலிருந்து தள்ளிவிடும். அதற்கப்புறம் பிரேக்கை மிதித்து ஒன்றும் ஆகாது. இது எனக்கு ஜீப் ஓட்டித் தெரிந்ததல்ல. அவன் போகும்போதெல்லாம் வாசலில் நின்று யோசித்துத் தெரிந்தது.

தோட்டத்தில் சமதரை என்றால் பெரட்டுக் களம்தான், காலையில் ஆள் பெயர் கூப்பிடுகிற இடம். பக்கத்தில் பிள்ளையார் கோயில். அங்கேதான் காரை ஏற்றினார்கள். ட்ரெயிலரின் சாய்வுப் பலகையில் வைத்தால் காரின் மூக்கு இடிக்கிறது. அதனால் சாய்வைக் குறைக்க என் கட்டில் பலகை ரெண்டைக் கழற்றிக்கொண்டு வந்தான். காருக்காக என் படுக்கை. மகன் கேட்டான் என்று கொடுத்தேன், அந்த ஆளுக்காகக் கொடுக்கவில்லை.

ட்ரெயிலரின் முன் தூணில் இருக்கிற, கையால் சுற்றுகிற வின்ச்சின் கம்பியைக் காரில் பூட்டி, அங்குலம் அங்குலமாக இழுத்தான். சொந்தக்காரர் சுற்றிச் சுற்றி வந்தார், பிரசவ வார்டு வாசலில் நிற்கிற ஆள் மாதிரி.

"பாஸ், கட்டுற பட்டை பெயிண்டுல படக்கூடாது. ஒரு கீறல் விழுந்தா இந்த நாட்டுல அந்தக் கலர் எடுக்க ஏலாது."

"பாடியில கட்ட மாட்டேன் சேர். நாலு சில்லுலயும் பட்டை போட்டு, நாலு மூலைக்கு இழுத்துக் கட்டுவேன். சில்லு உருளாம முன்னுக்கும் பின்னுக்கும் கட்டை வைப்பேன். ஹேண்ட்பிரேக்கு போட்டு, கியர்ல விட்டுருவோம். அசையாது."

என் மகன் இந்த வேலையைச் சரியாகச் செய்வான். அன்றைக்கும் சரியாகத்தான் செய்தான், கோயில் தலைவர் வரும் வரைக்கும்.

தலைவர் தட்டில் கற்பூரமும் எலுமிச்சம்பழமுமாக வந்தார். தோட்டத்துச் சனம் சாவுக்குக் கூப்பிட்டால் வயிற்று வலி என்பார். கொழும்பு ஆள் ஒருவர் பூசைக்குச் சொல்லி அனுப்பினால் வேட்டி மாற்றிக்கொண்டு வருவார். எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தூரம் போகிற வாகனத்துச் சில்லின் முன்னால் பழம் வைத்து, அது ஏறி நசுக்கிக்கொண்டுதான் புறப்பட வேண்டும். நசுங்காமல் போனால் நல்லதில்லை என்பார்கள். ஜீப்புக்கு வைத்தார்கள், ட்ரெயிலருக்கு வைத்தார்கள். அதோடு விட்டிருக்கலாம்.

"தம்பி, அந்தக் கட்டையள எடு. காருக்கும் பழம் வைக்கணும்," என்றார் தலைவர்.

"தலைவரே, காரு இப்ப சாமான் மாதிரிதானே. அது ஓடப் போறதில்லயே."

"சேர் காருக்குத்தான் பூசை கேட்டாரு. ஒன் ட்ரெயிலருக்கா கேட்டாரு?"

"வைங்க ஐயா. நேத்து பட்டது போதும்," என்றார் சொந்தக்காரர்.

"ஹேண்ட்பிரேக்கையும் கியரையும் எடுத்துவிடுங்க சேர். இல்லாட்டி பழம் நசுங்காது. களத்தத் தாண்டுனதும் போட்டுக்கலாம்," என்றார் தலைவர்.

அந்த ஆள் குனிந்து, உள்ளே பாதி நுழைந்து, எடுத்துவிட்டார். கட்டைகள் தரைக்கு வந்தன. கட்டை இருந்த இடத்தில் சில்லுக்கொரு பழம். கட்டையை எடுக்கத் தளர்த்திய பட்டையை என் மகன் மறுபடி இறுக்கினான், பழத்தோடு சேர்த்து. அவன் முகத்தைப் பார்த்தேன். இது தப்பு என்று அவனுக்குத் தெரியும். ஆனால் கற்பூரம் எரிகிறது, ஊர் நிற்கிறது, தலைவர் நிற்கிறார். நாற்பது வயது தாண்டிய ஆம்பளை, பட்டையைப் பார்க்காமல் கற்பூரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனை மட்டும் சொல்வானேன். நானும்தான் கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சும்மா நின்றேன். அதை இப்போது எழுதும்போதும் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

ஜீப் ஒரு இழுப்பு இழுத்தது. பின்னுக்கு நகர்ந்து நின்ற கார், ஜீப் களத்து வாசலில் நிதானித்தபோது முன்னுக்கு ஏறியது. பழங்கள் நசுங்கின. சனம் கை தட்டியது. நான் சில்லைப் பார்க்கவில்லை, பட்டையைப் பார்த்தேன். வெயிலில் காய்ந்த கொடிக்கயிறு மாதிரி தொங்கியது.

முப்பத்தெட்டு வருஷம் கொழுந்துக் கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டியவள் நான். மூன்றாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை, ஆனால் இது தெரியும்: கூடைக்குள் கொழுந்து அமுங்கினால் கயிறு தளர்ந்து பின்னுக்கு வழுக்கும். அதனால் முதலில் குலுக்கி அமுக்கி, பிறகுதான் கயிற்றை அளப்போம். இவர்கள் இறுக்கிக் கட்டிவிட்டு, பிறகு அடியில் இருந்ததை நசுக்கினார்கள். மிச்சம் இருப்பது என்ன? கட்டை இல்லை, பிரேக் இல்லை, பட்டை இல்லை. மணி ஓசையில் நான் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. ஜீப் களத்தைத் தாண்டியது. நிற்கவில்லை. சொந்தக்காரர் முன்சீட்டில் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கட்டைகள் கோயில் வாசலில் கிடந்தன. நாலையும் மடியில் கட்டிக்கொண்டேன்.

"எங்கக்கா போறீங்க, பிரசாதம் வாங்கல?" என்றார் தலைவர்.

"நீயே தின்னு," என்றேன்.

ரோடு மலையைச் சுற்றிக்கொண்டு போகும். கொழுந்து எடுக்கிறவர்கள் இறங்குகிற படி நேரே போகும். ஓடவில்லை. என் வயதில் அந்தப் படியில் ஓடினால் என்னையும் ட்ரெயிலரில்தான் ஏற்ற வேண்டும். இறங்கினேன். படி முடிகிற மூன்றாவது வளைவுக்குப் போகவில்லை. அங்கே நின்றால் அவன் திடீரென்று மிதிப்பான், மிதித்தால் கார் தள்ளும். அதற்கு முன்னால் ஒரு பாலத்தருகே ரோடு கொஞ்சம் மேடாகும். தூரத்திலிருந்தே என்னைப் பார்க்கலாம். நடு ரோட்டில், பாலத்தின் மேல் நின்றேன்.

வந்தான். பார்த்துவிட்டான். மெதுவாக, மேட்டிலேயே வேகம் செத்து, என் சேலைக்கு நாலடியில் ஜீப் நின்றது.

"என்னம்மா, பைத்தியமா?"

"எறங்கிப் பின்னால பாரு."

இறங்கிப் போனான். நான் போகவில்லை. அவன் திரும்பி வர நேரமானதிலிருந்தே தெரிந்தது. முன் சில்லு ஒன்றில் பட்டை சில்லை விட்டே கழன்று ட்ரெயிலர் தட்டில் கிடந்திருக்கிறது. காரின் மூக்கு வின்ச் தூணில் போய் முட்டியிருந்தது. அந்த வின்ச் கம்பி ஒன்றுதான் அதுவரைக்கும் காரைப் பிடித்திருந்தது என்று நினைத்தேன். அதுவும் இல்லை, கம்பி பின்னுக்கு ஓடுவதைத்தான் பிடிக்கும். தூண்தான் தடுத்திருந்தது.

சொந்தக்காரரும் இறங்கினார். தூணைப் பார்க்கவில்லை, பள்ளத்தைப் பார்க்கவில்லை. மூக்கைத் தடவினார்.

"பாஸ், இங்க பாருங்க. கீறல்."

நகக்கண் அளவு இருக்கும்.

"சேர், அடுத்த வளைவுல பிரேக்க மிதிச்சிருந்தா நம்ம ரெண்டு பேரும் ஆத்துல," என்றான் என் மகன்.

"அது சரி. இதுக்கு யாரு பொறுப்பு?"

நான் அவரிடம் பேசவில்லை. பேசத் தகுந்த ஆள் வேண்டும். மடியை அவிழ்த்து, கட்டைகளை மகன் கையில் கொடுத்தேன். அவன் நசுங்கிய பழத்தை எல்லாம் வழித்து எறிந்தான். தட்டில் வழுவழுவென்று சாறு, அதைச் சாக்கால் துடைத்தான். காரைப் பின்னுக்குத் தள்ளச் சொன்னபோது சொந்தக்காரர் கை அழுக்காகும் என்று யோசித்தார். நான் தோள் கொடுத்தேன், அதற்கப்புறம் அவரும் கொடுத்தார். ஹேண்ட்பிரேக், கியர், கட்டை, கடைசியில் பட்டை. ஒவ்வொன்றையும் இறுக்கிவிட்டு மகன் ட்ரெயிலர் ஓரத்தில் ஏறி நின்று குலுக்கினான். மறுபடி இறுக்கினான். மறுபடி குலுக்கினான்.

பிறகு முன்சீட்டுக் கதவைத் திறந்து பிடித்தான்.

"ஏறுங்கம்மா. பட்டையப் பாத்துக்கிட்டே வாங்க. தளந்தா சொல்லுங்க."

"அப்ப நான்?" என்றார் சொந்தக்காரர்.

"பஸ் வரும் சேர்."

ஹட்டன் வரைக்கும் பின்பக்கம் திரும்பித்தான் உட்கார்ந்திருந்தேன், கழுத்து வலித்தது. டிக்கோயா வருவதற்குள் ரெண்டு இடத்தில் அவன் வண்டியை நிறுத்தி இறங்கி, நாலு பட்டையையும் ஒவ்வொன்றாகப் பிடித்து இழுத்துப் பார்த்தான். நான் சொல்லி இல்லை.