ஊதினால்தான் கிளம்பும்

ஹாமில்டனில் குடித்துவிட்டு வண்டி ஓட்டி மாட்டிக்கொண்டவர் யாராக இருந்தாலும், கடைசியில் நோரீனின் பட்டறைக்குத்தான் வந்தாக வேண்டும். வாயில் சாராய வாடை இல்லையென்று ஊதிக் காட்டினால் மட்டுமே எஞ்சினைக் கிளப்பவிடும் கருவியை வண்டியில் பொருத்துவது அவள் தொழில். பதினொரு வருடமாகச் செய்கிறாள். முகத்தைப் பார்த்தே ஆளை எடை போட்டுவிடுவாள்.

அன்று வந்தவர் க்ளைவ், ஆட்டுப் பண்ணைக்காரர். சந்தை முடிந்து ஆறு பேராக பப்பில் உட்கார்ந்தவர். ஆளுக்கொரு சுற்று எல்லோருக்கும் வாங்கிக் கொடுப்பது அந்த ஊர் வழக்கம். ஆறு பேர் என்றால் ஆறு சுற்று. தன் முறை வருமுன் எழுந்தவனுக்குக் கஞ்சன் என்று பெயர்.

"இதென்ன பெரிய விஷயம்? என் பொண்டாட்டி லொரேன ஊதச் சொன்னா போச்சு" என்றார்.

"ஊதுற மூஞ்சிய கேமரா படம் புடிச்சிடும். உங்க பொண்டாட்டிக்கு இந்த மீசை இருக்கா?"

க்ளைவுக்குச் சுருக்கென்றது. "உனக்கென்ன, சொல்லிட்டுப் போயிடுவ. இத வச்சுக்கிட்டு நான் ஊருக்குள்ள எப்படித் தலை காட்டுறது?"

நோரீன் தன் சொந்த வண்டியின் கதவைத் திறந்து காட்டினாள். உள்ளே அதே கருவி.

"பன்னெண்டு வருஷம் முன்னாடி கோர்ட்டு மாட்டச் சொன்னது. கெடு முடிஞ்சே ஒம்பது வருஷமாச்சு."

"அப்புறம் ஏன் கழட்டல?"

"'ரெண்டே ரெண்டுதான், நல்லாத்தான் இருக்கேன்'னு அன்னிக்குச் சொன்னேன். பப்புல எல்லாரும் நம்புனாங்க, நானும் நம்புனேன். இது நம்பாது."