நெட்டா லெக்கியின் துப்பல் கோப்பை

நெட்டா லெக்கி ஐம்பத்தேழு வயதுவரை ஒரு சொட்டு மதுவை விழுங்கியதில்லை. ஆனால் எங்கள் ஜின் சங்கத்தில் எந்த ஜின் உறுப்பினர்களுக்குப் போகலாம், எது வந்த வழியே திரும்பலாம் என்று எட்டு வருடம் தீர்ப்புச் சொன்னவள் அவள்தான். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். எங்கள் ஸ்காட்லாந்துத் துறைமுக ஊரான லீத்தில் நாங்களும் முதலில் சிரித்தோம்.

சங்கம் என்றால் கொடி பிடிக்கிற சங்கம் இல்லை. மாதம் ஒரு பெட்டி. அதில் ஏதாவது ஒரு சின்ன வடிசாலையில் காய்ச்சிய ஜின் ஒரு பாட்டில், அதில் கலக்க டானிக் தண்ணீர் நாலு, உப்புக் கடலை ஒரு பொட்டலம், அந்த ஜின்னை வானளாவப் புகழ்ந்து ஒரு சின்னப் புத்தகம். ஒன்பதாயிரம் வீடுகளுக்குப் போகும். என் பெயர் ஷீனா. கீழே கிடங்கில் பெட்டி கட்டுவேன், மாடியில் ருசிக்கூடத்துக்கு ஜின் ஊற்றி வைப்பேன், முடிந்ததும் கழுவுவேன். நெட்டாவும் என்னோடு பெட்டி கட்ட வந்தவள்தான். ஒருநாள் ஒட்டி முடித்த பெட்டி ஒன்றை மோந்து பார்த்துவிட்டு, "இதுல ஒண்ணு ஒழுகுது. ஒழுகுறதும் நல்ல சரக்கு இல்ல, சோப்பு வாடை அடிக்குது" என்றாள். பிரித்தால் ஒழுகிக்கொண்டிருந்தது. காய்ச்சியவனைக் கேட்டபோது, ஜின்னில் வாசனைக்குப் போட்ட மல்லி விதை பழசுதான் என்று தலையைச் சொறிந்தான். முதலாளி கிரெகர் அந்த வாரமே அவளை மாடிக்கு ஏற்றிவிட்டான்.

அவளுடைய அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். குடித்தே ஈரல் வெந்து போனார். அவரைப் புதைத்த அன்று நெட்டாவும் அக்கா ஐசாவும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். இந்த வீட்டு வாசலைத் தாண்டி ஒரு பாட்டில் உள்ளே வரக் கூடாது. முப்பத்தைந்து வருடம் வரவும் இல்லை. இரண்டு பேரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மூன்றாம் மாடி வீட்டில் ஒருத்தி சமைப்பாள், இன்னொருத்தி குறை சொல்வாள். ருசி பார்க்கும் வேலைக்குச் சம்மதிக்கும்போது நெட்டா கிரெகரிடம் தெளிவாகச் சொன்னாள். "சம்பளம் என் நாக்குக்குத்தான் தம்பி. வயித்துக்கு இல்ல."

ருசி பார்ப்பது செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு. வருகிற ஐந்து பேரும் காபி குடித்திருக்கக் கூடாது, சென்ட் போட்டிருக்கக் கூடாது. ஆளுக்கு ஆறு கிளாஸ், எண் மட்டும் எழுதியிருக்கும். முதலில் மோந்து பார்ப்பார்கள், பிறகு பாதிக்குப் பாதி தண்ணீர் விட்டு வாயில் சுழற்றுவார்கள், மூடி போட்ட சொந்தக் கோப்பையில் துப்புவார்கள். வாயைக் கொப்பளித்து அதையும் அதிலேயே துப்புவார்கள். ஆறு கிளாஸ் இருந்தாலும் ஜின் ஐந்துதான். ஒன்று இரண்டு தடவை வரும். அதை இரட்டை என்போம். எந்த இரண்டு எண்கள் இரட்டை என்பது ஊற்றிய எனக்கு மட்டுமே தெரியும். இரட்டையைக் கண்டுபிடிக்காதவர் போட்ட மதிப்பெண்ணை அன்று கிழித்துப் போடுவார்கள். தொடர்ந்து மூன்று தடவை தவறினால் நாற்காலி காலி. போன வருடம்வரை நெட்டா தவறியது இரண்டே தடவை, இரண்டும் கடும் சளியில்.

அவள் சொல்கிற வர்ணனைதான் எங்களுக்கெல்லாம் வேடிக்கை. "மூணாவது, நனைஞ்ச நாய்." "அஞ்சாவது, பல் டாக்டர் வீட்டுக் கூடம்." பக்கத்தில் உட்காரும் டூகல் பெரிய மதுக்கூடத்தில் வேலை செய்தவன், வாயைத் திறந்தால் பூந்தோட்டமாகக் கொட்டுவான். "உனக்கு எல்லாம் நாயும் பூனையும்தானா நெட்டா? கொஞ்சம் கவிதையா சொல்லேன்" என்பான். "கவிதையை நீ வச்சுக்கோ. ரெட்டை எங்கன்னு சொல்லு பாப்போம்" என்பாள். அவன் மறுபடி கிளாஸை மோந்து பார்க்கப் போய்விடுவான்.

போன வருடம் பிப்ரவரியில் ஐசா இறந்துபோனாள். சமையலறையில் டீத்தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்துவிட்டாள். இரண்டு செவ்வாய் கழித்து நெட்டா வேலைக்கு வந்தாள். முகம் சுண்டியிருந்தது, ஆனால் இரட்டையைச் சரியாகச் சொன்னாள். எல்லோரும் போன பிறகு நான் கோப்பைகளைக் கழுவ எடுத்தேன். மூடியைத் திறந்தால் ஜின் வாடை மூக்கில் குப்பென்று அடிக்க வேண்டும். நெட்டாவின் கோப்பையில் ஒன்றும் அடிக்கவில்லை. விரலை விட்டு நக்கிப் பார்த்தேன். இப்படிச் சொல்வது அருவருப்புதான், ஆனாலும் செய்தேன். வெறும் தண்ணீர். ஆறு கிளாஸையும் விழுங்கிவிட்டு, கொப்பளித்த தண்ணீரை மட்டும் மரியாதையாகத் துப்பியிருக்கிறாள்.

அடுத்த வாரமும் அதே கதைதான். மூன்றாவது வாரம் கிரெகரிடம் போய்ச் சொன்னேன்.

"ரெட்டையைக் கண்டுபிடிச்சாங்களா?" என்று கேட்டான், கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"கண்டுபிடிச்சா. ஆனா..."

"அப்புறம் என்ன ஷீனா? அவங்க தொண்டை, அவங்க இஷ்டம். நமக்கு நாக்குதானே வேணும்."

எனக்குக் கோபம் வந்தது. கோபத்தை எடுத்துக்கொண்டு கீழே வந்து பெட்டி ஒட்டினேன். வேறென்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை.

விழுங்கும் நாக்கு எத்தனை நாள் கூர்மையாக இருக்கும்? ஆகஸ்டில், சளி எதுவும் இல்லாமலே, இரட்டையைத் தவறவிட்டாள். அடுத்த வாரமும் தவறினாள். டூகல் கைக்குட்டையை மடித்துக்கொண்டிருந்தான். அவன் கேலி செய்யாததுதான் அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். எல்லோரும் இறங்கிப்போன பிறகு கழுவுதொட்டி அருகில் வந்து நின்றாள்.

"என் கோப்பையைக் கழுவுறது நீதானே. உனக்குத் தெரியாமலா இருக்கும்?"

"மார்ச்சிலேர்ந்து தெரியும்."

"வீட்டுல ஒரு சொட்டு கிடையாதுடி. சத்தியமா. இங்க மட்டும்தான். இதைக் குடிச்சுட்டுப் போனா, படியேறிக் கதவைத் திறக்க தைரியம் வருது. இல்லன்னா வாசல்லயே நிக்கிறேன். எதிர்வீட்டுக்காரி சாவியைத் தொலைச்சுட்டியான்னு கேக்குறா."

"டாக்டர்கிட்ட போ நெட்டா. நானும் வர்றேன்."

"போறேன், போறேன். அடுத்த வாரமும் விட்டுட்டேன்னா இந்த நாற்காலியும் போயிடும். அப்புறம் செவ்வாக்கிழமை எங்கடி போவேன்?"

அவள் அழவில்லை. நான்தான் அழுதேன். அடுத்த செவ்வாய்க்கு ஊற்றும்போது இரட்டையை இரண்டிலும் ஐந்திலும் வைத்தேன். படியேறி வந்தவளிடம் "ரெண்டு, அஞ்சு" என்று முணுமுணுத்தேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனாள். அதற்கடுத்த வாரமும் இரண்டும் ஐந்தும்தான். பிறகு சொல்லக்கூடத் தேவைப்படவில்லை. நாற்காலி இருந்தால் அவள் பிழைத்துக்கொள்வாள் என்று நினைத்தேன். வாரத்தில் அவள் குடிப்பது அந்த ஒரே நாற்காலியில்தான் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. ஏறியிருந்தாலும் ஏறாத மாதிரி இருந்திருப்பேன் என்று இப்போது தோன்றுகிறது.

நெட்டாவின் மதிப்பெண்ணுக்கு எப்போதும் தனி எடை உண்டு. அவள் கைதூக்கிவிட்ட ஜின்தான் அக்டோபர் பெட்டியில் போனது. போன பத்தாவது நாள் கடிதங்கள் குவிந்தன. பாத்திரம் கழுவின தண்ணீர் என்று ஒருவர், என் மாமியார் சோப்பு என்று இன்னொருவர். மூடிய பெட்டிக்கு மேலிருந்தே பழைய மல்லியைக் கண்டுபிடித்தவள், அதே மல்லி வாய்க்குள் போயும் தெரியாமல் பத்துக்கு ஒன்பது போட்டிருக்கிறாள்.

நவம்பர் முதல் செவ்வாய் கிரெகர் என்னைக் கீழேயே இருக்கச் சொல்லிவிட்டுத் தானே ஊற்றினான். தண்ணீர்க் குடம் நிரப்புகிற சாக்கில் மேலே போனேன். நெட்டா ஆறையும் முடித்திருந்தாள்.

"ரெட்டை?" என்றான் கிரெகர்.

"ரெண்டு, அஞ்சு."

"ஒண்ணு, நாலு" என்றான். பிறகு பழைய தாள்களை மேசையில் பரப்பினான். "பத்து வாரமா ரெண்டு, அஞ்சு. பத்து வாரமும் சரி. இன்னிக்கு நான் ஊத்தினேன், தப்பு. இதுக்கு என்ன அர்த்தம் நெட்டா?"

ஐந்து பேரும் என்னைப் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். நெட்டா கோப்பையை மூடினாள்.

"என்ன அர்த்தம் தம்பி? அவ வைக்கிற வழக்கத்தைக் கவனிச்சு வச்சிருந்தேன். நாக்கு போயிடுச்சு, கண்ணால பொழைச்சேன். ஷீனா பாவம், ஒரே மாதிரி அடுக்குற மக்குப் பொண்ணு. அவளை விடு."

நான் மக்குப் பெண்ணாகவே நின்றேன். ஆமாம், நான்தான் சொல்லிக்கொடுத்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. எனக்கு நாற்பத்தாறு வயது, லீத்தில் அந்த வயதில் வேறு வேலை யார் தருவார்கள் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அதே வாரம் வெள்ளிக்கிழமை நெட்டாவுக்குப் பிரிவு உபசார விழா. கிரெகர் கெட்டவன் இல்லை. அவனைப் போன்றவர்கள் கெட்டவர்களாக இருந்தால் எவ்வளவோ வசதி. கேக் வெட்டினான். எட்டு வருட உழைப்பு என்று நல்லபடியாகத்தான் பேசினான். பிறகு ஒரு உறையை நீட்டினான். "சங்கத்தோட ஆயுள் உறுப்பினர் நீங்க. இனிமே மாசா மாசம் பெட்டி உங்க வாசலுக்கே வந்துடும். ஒரு பைசா வேண்டாம்."

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

"என் வீட்டுக்கா?" என்றாள் நெட்டா. என்னைத்தான் பார்த்தாள். அவள் வீட்டு வாசலைத் தாண்டி எந்தப் பாட்டிலும் வரக் கூடாது என்று அந்தக் கூடத்தில் தெரிந்தவள் நான் ஒருத்தி. சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள், ஒன்றிலிருந்து இன்னொன்று வெளியே வரும், பத்து வாரமும் வெளியே வரும். கேக் நன்றாக இருக்கிறது என்று சொன்னேன்.

டிசம்பர் பெட்டியை நான்தான் கட்டினேன். பாட்டிலை எடுத்துவிட்டு வெறும் டானிக்கை அனுப்பலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். எடை குறைந்தால் இயந்திரம் கத்தும். கத்தட்டும் என்று விட எனக்குத் துணிச்சல் இல்லை.

ஜனவரியில் அவள் வீட்டுக்குப் போனேன். பகல் பன்னிரண்டு மணி. கதவு திறந்தே இருந்தது. மேசையில் எங்கள் பாட்டில் காலி, பக்கத்தில் தெருமுனைக் கடையில் வாங்கிய மட்டமான வோட்கா இரண்டு. ஒன்று உள்ளே வந்துவிட்டது, மற்றதற்கு வழி தெரிந்துவிட்டது. நெட்டா ஐசாவின் டீக்கோப்பையில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"வா ஷீனா. உக்காரு. இங்க ஒரு சௌகரியம் பாத்தியா? யாரும் துப்பச் சொல்றதில்ல."

"நெட்டா, நான் கிரெகர்கிட்ட பேசி அந்தப் பெட்டியை நிறுத்தச் சொல்றேன்."

"நிறுத்துவியா?" என்றாள். கிண்டலாகக் கேட்கவில்லை, ஆசையாகக் கேட்டாள்.

"நாளைக்கே சொல்றேன்" என்றேன்.

நாளைக்குச் சொல்லவில்லை. அந்த வாரம் ஆட்குறைப்புப் பேச்சு அடிபட்டது. பிப்ரவரிப் பெட்டி போனது. மார்ச் பெட்டி போனது. ஏப்ரல் பெட்டி நாலாவது நாள் திரும்பி வந்தது. வாங்க ஆள் இல்லை என்று சீட்டு ஒட்டியிருந்தது. எதிர்வீட்டுக்காரிக்குப் போன் செய்தேன். காலை பதினோரு மணிக்குப் படிக்கட்டில் விழுந்தாளாம், கையில் சாவி இருந்ததாம், புதைத்து ஆறு நாள் ஆயிற்றாம்.

கிரெகரிடம் சொன்னேன். அடடா, அடடா என்றான். உண்மையாகவே கண் கலங்கினான். பிறகு, "முகவரியை லிஸ்ட்ல இருந்து எடுத்துடுங்க ஷீனா" என்றான். உட்கார்ந்து எடுத்தேன். ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், அரை நிமிடம்கூட ஆகவில்லை.